பின்சீட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். படித்து முடித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள், வரவேற்கிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். இரண்டு பேர் போவதற்காக வாங்குகிற வண்டியை ஒருவர் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வது சரியில்லை. அந்த ஒப்பீடு எத்தனை பக்கம் இருந்தாலும் அது பாதிக் கணக்குதான். பாதிக் கணக்குக்கு நான் என்றைக்கும் முழு மார்க் போட்டதில்லை.

இந்தப் பேச்சு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை பைக்கிலேயே பொள்ளாச்சி வந்து போகலாம், அப்படியே வால்பாறை, மறையூர் என்று சுற்றலாம் என்று திட்டம். அதற்கு ஒரு ஸ்போர்ட்ஸ் டூரிங் பைக். கடன் தவணை இரண்டு பேர் சம்பளத்திலிருந்தும் போகிறது. அந்தத் தம்பி இரண்டு வண்டிகளை எடுத்து, எக்செல் தாளில் 42 வரி போட்டு ஒப்பிட்டிருக்கிறார். அதை எனக்கு அனுப்பி, "டீச்சர், இதுல எனக்குன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

பார்த்தேன். குதிரைத்திறன் இருக்கிறது. டாப் ஸ்பீடு இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து நூறுக்கு எத்தனை நொடி என்பது இருக்கிறது. சைலன்சர் சத்தத்துக்கே இரண்டு வரி இருக்கிறது. ரைடிங் ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், ஹெல்மெட் என்று ஒரு செலவுப் பட்டியலும் இருக்கிறது. எல்லாம் ஒரு செட். ஒரே ஒரு செட்! பின்சீட்டு என்ற சொல் 42 வரியில் எங்கேயும் இல்லை.

அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குகிற பழக்கம் நல்ல பழக்கம். ஆனால் அவர் ஒருவர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. பைக் ஒப்பீடு என்று யூடியூபில் வருவதில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கிறது. இருபது நிமிஷம் பேசுவார்கள். பின்சீட்டுக்கு இருபது நொடி. "பில்லியன் சீட் ஓகே" என்பதோடு முடிந்தது.

"ஸ்கூட்டி கூட ஓட்டாத டீச்சருக்கு டூரிங் பைக்கைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்க ஒரு கூட்டம் தயாராக இருக்கும். முப்பத்தொரு வருஷம் வீட்டுக்காரர் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய் வந்தவள் நான். ரோட்டில் குழி இருப்பது முன்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியும். கையை இறுக்கி, காலை ஊன்றி உடம்பைத் தயார் செய்துகொள்வார். பின்னால் இருப்பவளுக்கு இடுப்பில் இடி விழுந்த பிறகுதான் குழி என்று தெரியும். ஒரே வண்டி, ஒரே குழி, அனுபவம் வேறு. அதனால் இது பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சரி, வண்டிக்கு வருவோம். அந்தத் தாளில் இருந்தவை பஜாஜ் டொமினார் 400, டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310. ஒன்று புனே பக்கம் சாக்கனில் தயாராவது. இன்னொன்று நம் ஓசூரில் தயாராவது. டொமினார் 373 சிசி, 40 பி.எஸ். திறன், எடை 193 கிலோ, டேங்க் 13 லிட்டர். ஆர்.ஆர். 310 என்பது 312 சிசி, 2024-இல் வந்த மாடலில் 38 பி.எஸ்., எடை 174 கிலோ, டேங்க் 11 லிட்டர். இரண்டும் நல்ல வண்டிகள்தான். இரண்டிலும் முன், பின் இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது.

தம்பி தன் தாளில் சிவப்பு மையில் வட்டம் போட்டது திறன்-எடை விகிதத்தை. வகுத்தல் கணக்குதான், நாமும் போட்டுப் பார்ப்போம். டொமினார்: 40 பி.எஸ்.ஸை 193 கிலோவால் வகுத்தால், ஒரு டன்னுக்கு 207 பி.எஸ். வருகிறது. ஆர்.ஆர். 310: 38-ஐ 174-ஆல் வகுத்தால் 218 வருகிறது. ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். "ஆர்.ஆர். தான் வேகம்" என்று முடிவு.

ஆனால் இந்தக் கணக்கில் வண்டி தானாக ஓடுகிறது. மேலே ஆள் இல்லை! ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் இருப்பவர் 60 கிலோ, பை, தண்ணீர் பாட்டில், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 15 கிலோ என்று வைப்போம். மொத்தம் 150 கிலோ. இப்போது டொமினார் 343 கிலோ, ஆர்.ஆர். 324 கிலோ. மறுபடி வகுத்துப் பாருங்கள். ஒன்று டன்னுக்கு 116.6, இன்னொன்று 117.3. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. எந்த வித்தியாசத்துக்காகக் கமெண்டில் அடித்துக்கொள்கிறீர்களோ, அது மனைவி ஏறி உட்கார்ந்தவுடனே காணாமல் போய்விடுகிறது.

ஆள் ஏறிய பிறகு மிஞ்சுவது இழுவிசை. டொமினார் 35 நியூட்டன் மீட்டர், 6,500 சுற்றில். ஆர்.ஆர். 310 தருவது 29, 7,900 சுற்றில். பாரத்தோடு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது உதவுவது இந்த எண்தான். குறைந்த சுற்றிலேயே இழுக்கிற வண்டியில் கியரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டில் "டொக்" என்று முட்டும். உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும்.

அடுத்து டாப் ஸ்பீடு. மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அதிகபட்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். இரண்டு வண்டியுமே அதைச் சிரித்துக்கொண்டே தாண்டும். அப்புறம் எந்த வண்டி எந்த எண்ணைத் தொடும் என்பது எதற்கு ஒரு வரி? அந்த வரியைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

அதற்குப் பதில் நிற்கிற தூரத்தை எழுதுங்கள். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். உலர்ந்த சாலை, நல்ல டயர், ஆபத்தைப் பார்த்து ஒரு நொடியில் பிரேக்கைத் தொடுகிற சுறுசுறுப்பு, நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 80-இல் போனால் நிற்க 57 மீட்டர் ஆகிறது. 120-இல் போனால் 113 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி வந்தால் 320 மில்லிமீட்டர் டிஸ்க்கா 300 மில்லிமீட்டர் டிஸ்க்கா என்ற சண்டை உதவாது. ஏ.பி.எஸ். உள்ள நல்ல வண்டியில் நிறுத்துகிற வேலை கடைசியில் டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடியில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் பின்சீட்டு உயிர் விஷயமாகிறது. திடீர் பிரேக்கில் பின்னால் இருப்பவர் முன்னால் சறுக்குவார். பிடித்துக்கொள்ள இடம் இல்லையென்றால் அவருடைய எடை ஓட்டுபவர் முதுகில் விழும். ஓட்டுபவர் ஏற்கெனவே குனிந்து மணிக்கட்டில் சாய்ந்திருந்தால் அந்த மணிக்கட்டு இரண்டு பேரைத் தாங்க வேண்டும். அதே கையால்தான் பிரேக்கும் பிடிக்க வேண்டும், ஹாண்டிலும் திருப்ப வேண்டும். அவள் சௌகரியமாக இருக்கிறாளா என்று நான் கேட்பது வெறும் சௌகரியத்துக்காக இல்லை, கண்ணுகளா. அவள் அங்கே ஸ்திரமாக உட்கார்ந்திருந்தால்தான் நீங்கள் நினைத்த இடத்தில் வண்டி நிற்கும்.

இப்போது இரண்டு வண்டியையும் இந்தக் கண்ணால் பாருங்கள். ஆர்.ஆர். 310 பந்தயத்துக்கான உடல்வாகு உள்ள வண்டி. அந்தக் கம்பெனி இதை வைத்தே பந்தயத் தொடர் நடத்துகிறது. ஹாண்டில்பார் தாழ்ந்து இரண்டு துண்டாக இருக்கும், ஓட்டுபவர் முன்னால் குனிவார், பின்சீட்டு தனித் துண்டாக மேலே தூக்கி நிற்கும். பந்தயத்தில் யாரும் மனைவியை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதில்லை, அதனால் அதில் தப்பில்லை. தனியாக ஓட்டுகிறவருக்கு அருமையான வண்டி. டொமினாரில் ஹாண்டில்பார் உயரம், நிமிர்ந்து உட்காரலாம். 2021-இல் நீண்ட பயணத்துக்கென்று உயரமான கண்ணாடித் தடுப்பு, கைக்காப்பு, லக்கேஜ் கேரியர், பின்னால் இருப்பவருக்குச் சாய்மானம் எல்லாவற்றையும் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. அந்தச் சாய்மானம் ஒன்று போதும் எனக்கு. முதுகுக்கு ஒரு தாங்கல் இருந்தால், வண்டி சட்டென்று கிளம்பும்போது பின்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் போய்விடும்.

டொமினாருக்கும் குறை உண்டு. 193 கிலோ என்பது லேசு இல்லை. மேட்டில் நிறுத்தித் திருப்பும்போது, கல் பாவிய வாசலில் பின்னுக்குத் தள்ளும்போது அந்த 19 கிலோ வித்தியாசம் தெரியும். ஓட்டுபவர் உயரம் குறைவென்றால், பின்னால் ஆள் ஏறும் நொடியில் இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இதையும் இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் பார்க்க முடியும்.

டேங்க் 13 லிட்டரா 11 லிட்டரா என்பதற்கும் தாளில் ஒரு வட்டம் இருந்தது. பெங்களூர், சேலம், அவிநாசி வழியில் பெட்ரோல் பங்குக்குப் பஞ்சமா? இரண்டு வண்டியுமே ஒரு டேங்க்கில் 250 கிலோமீட்டர் தாண்டும். பின்சீட்டில் இருப்பவரின் இடுப்பு அதற்கு ரொம்ப முன்னாலேயே நிறுத்தச் சொல்லும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி, காலை நீட்டி, தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய் வர வேண்டும். பெண்களுக்குச் சுத்தமான பாத்ரூம் எந்தப் பங்கில் இருக்கிறது என்பதைத் தாளில் எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

உட்காருகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். அத்தைமார்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரி வண்டியில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது. தொடையால் வண்டியைப் பிடிக்க முடியாது, எடை ஒரு பக்கம் சாயும், குழியில் தூக்கி எறியும். இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். அதற்கேற்ற உடைதான் உடுத்த வேண்டும். துப்பட்டா பறக்கக் கூடாது, செயின் திறந்திருக்கும். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் துணி சிக்காத தடுப்பு இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி. சிலர் "லுக் கெட்டுப்போகுது" என்று அந்தத் தடுப்பை முதல் நாளே கழற்றி மூலையில் போடுகிறார்கள். யாருடைய உயிரைக் கழற்றி வைக்கிறீர்கள் என்று யோசித்தீர்களா?

ஒரு செட் ஹெல்மெட் கதைக்கு வருகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். ஹெல்மெட் போடாமல் அந்த ஒரே வருஷத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் வண்டி ஓட்டியவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337. பதினான்காயிரம் பேர்! ஓட்டுபவருக்கு ஆயிரக்கணக்கில் ஹெல்மெட், பின்னால் இருப்பவருக்கு ஷோரூமில் சும்மா கொடுத்தது என்றால் அது என்ன நியாயம்? தார் ரோடு ஆள் பார்த்துத் தோலை உரிக்காது. ஜாக்கெட் என்றால் இரண்டு, கையுறை என்றால் இரண்டு ஜோடி. அதற்குப் பணம் போதவில்லையென்றால் வண்டியின் விலையைக் குறையுங்கள்.

இன்னொன்று, பல பேருக்குத் தெரியாதது. இன்சூரன்ஸ். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. முழு பேக்கேஜ் பாலிசியில்தான் அவருக்கும் பாதுகாப்பு வருகிறது. புது வண்டிக்கு 2018 செப்டம்பரிலிருந்து ஐந்து வருஷ மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம். அதனால் பலர் என்ன செய்கிறார்கள்? முதல் வருஷம் முடிந்ததும் "அதுதான் அஞ்சு வருஷத்துக்கு இருக்கே" என்று மற்ற பகுதியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மிச்சமாவது கொஞ்சம் பணம். வெளியே போவது பின்சீட்டில் இருப்பவரின் பாதுகாப்பு. பாலிசி எடுக்கும்போது பின்னால் இருப்பவருக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்த்துக்கொள்ளலாம். கேட்டால் சேர்ப்பார்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

இனி உங்கள் கேள்விகள். எனக்கு முன்கூட்டியே தெரியும்.

"டீச்சர், அவ எப்பவாவது ஒரு தடவைதான் உட்காருவா, தினமும் நான்தானே ஓட்டப் போறேன்." நியாயமான பேச்சு. அப்படியானால் வீட்டில் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இது எனக்காக வாங்குற வண்டி, உனக்கு இல்ல" என்று சொல்லி, உங்கள் சம்பளத்தில் வாங்குங்கள். ஆசைப்பட்டு வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. "நம்ம ரெண்டு பேரும் ஊர் சுத்தலாம்" என்று சொல்லி இரண்டு சம்பளத்தில் கடன் வாங்கி, ஒரு ஆளுக்கான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

"நம்ம ஓசூர் வண்டியை விட்டுட்டு வெளி மாநில வண்டியைச் சொல்றீங்களே?" ஓசூர் மேல் எனக்கும் பெருமை உண்டு. 2013-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஒப்பந்தம் போட்டு, அந்த ஊரில் இருந்து உலகத்துக்கே வண்டி போகிறது. ஆனால் முட்டி வலிக்கு மாநிலப் பற்று மருந்து ஆகாது. ஓசூர்க்காரர்களே நிமிர்ந்து உட்காருகிற வண்டிகளும் செய்கிறார்கள், அவற்றையும் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள்.

"இவ்வளவு பார்க்கறதுக்குக் காரே வாங்கிடலாமே?" குழந்தை பிறந்த பிறகு அதுதான் சரி. இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் போகலாம், அவரும் முறையாகப் பொருத்தப்பட்ட சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். அப்பா, அம்மா, நடுவில் குழந்தை என்பது நம் ஊரில் தினமும் பார்க்கிற காட்சிதான். அதனால் அது சரியாகிவிடாது.

"ஷோரூம்ல பின்னாடி ஆளை ஏத்தி டெஸ்ட் ரைடு தரமாட்டேங்கறாங்க." உண்மை. எனக்குத் தெரிந்த ஒரு ஷோரூமில் அந்தப் பெண்ணை சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, வீட்டுக்காரரை மட்டும் ஒரு ரவுண்டு அனுப்பினார்கள். லட்சக்கணக்கில் பணம் கொடுப்பவர் நீங்கள். இரண்டு பேருக்கும் ஓட்டம் கொடுத்தால்தான் முன்பணம் என்று சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் அடுத்த ஷோரூம், இல்லையென்றால் அதே வண்டி வைத்திருக்கும் நண்பர்.

ஆகவே வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, டெஸ்ட் ரைடுக்கு இரண்டு பேரும் இரண்டு ஹெல்மெட்டோடு போக வேண்டும். ஐந்து நிமிஷம் போதாது, அரை மணி நேரமாவது ஓட வேண்டும். பாதையில் இரண்டு வேகத்தடை, ஒரு மேடு, ஒரு மோசமான ரோடு இருக்கட்டும்.

இரண்டு, பின்னால் ஆள் ஏறும்போது பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கி வைக்கச் சொல்லுங்கள். டயர் காற்றும் இரண்டு பேருக்கு உரிய அளவில் இருக்க வேண்டும், அது வண்டியின் கையேட்டில் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் லேசாகி, ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும்.

மூன்று, ஓட்டம் முடிந்ததும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக மார்க் போடுங்கள். ஓட்டியவருக்கு 50, பின்னால் உட்கார்ந்தவருக்கு 50. காப்பி அடிக்கக் கூடாது! பிறகு கூட்டுங்கள்.

நான்கு, எந்த வண்டி மொத்தத்தில் அதிகம் வாங்கினாலும், ஒருவர் 50-க்கு 20-க்குக் கீழே போட்டிருந்தால் அந்த வண்டி பெயில். ஒரு பாடத்தில் பெயிலானால் மொத்தமும் பெயில் என்பது உங்களுக்குத் தெரிந்த சட்டம்தானே.

ஐந்து, பாலிசித் தாளில் பின்சீட்டுப் பயணிக்கு எவ்வளவு என்று எழுத்தில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

என் கணிப்பைக் கேட்டால், இரண்டு பேராக நெடுந்தூரம் போக இந்த இரண்டில் டொமினார். தனியாக வளைவுகளில் ரசித்து ஓட்ட ஆர்.ஆர். 310. ஆனால் என் கணிப்பைவிட உங்கள் வீட்டில் பின்னால் உட்காரப் போகிறவர் போடும் மார்க்தான் பெரிது.

கமெண்டில் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. இந்த வண்டிகளை வைத்திருக்கும் தம்பிமார்கள், சாவியை நண்பனிடம் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து உடுமலை ரோட்டில் ஒரு 50 கிலோமீட்டர் போய்விட்டு வந்து எழுதுங்கள். அதற்கு முன்னால் எழுதுகிற எதற்கும் நான் மார்க் போடப்போவதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்